கடைக்கு வராத உதவியாளர்: வேலூர் வட்டாரத்தில் யாருக்குப் பயன், யாருக்கு வீண்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் நடத்துபவர்களுக்குக் காலை நேரத்தில் உட்காரவே முடியாது. அறை காலி செய்பவரிடம் கணக்கு முடிக்க வேண்டும். சலவைக்குப் போகும் போர்வைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று மேல்மாடியிலிருந்து ஒரு குரல் வரும். இதற்கு நடுவில் போன் அடிக்கும். மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்தோ அசாமின் சில்சாரிலிருந்தோ ஒருவர் பேசுவார். அப்பாவுக்கு இன்ன தேதியில் அப்பாயின்ட்மென்ட், மூன்று பேர் வருகிறோம், சமைத்துக்கொள்ள வசதி உண்டா, லிப்ட் உண்டா, பத்து நாளைக்கு என்ன வாடகை, காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பார். முதலாளி தனக்குத் தெரிந்த இந்தியில் "ரூம் ஹை, ஆ ஜாயியே" என்று சொல்லி வைத்துவிடுவார். பேசியவர் அடுத்த லாட்ஜுக்குப் போன் போடுவார்.

இப்படிக் கை நழுவுவது எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வராத பார்ட்டிக்குப் பில் கிடையாது, அதனால் அந்த நஷ்டம் எந்த நோட்டிலும் ஏறாது. 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று சொல்லப்படும் தொலைதூர உதவியாளரை வைத்துக்கொண்டால் என்ன லாபம் என்று விசாரிப்பவர்கள், கடையில் ஆள் போடுவதைவிடச் சம்பளத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்றே கேட்கிறார்கள். அந்த மிச்சம் உண்மைதான், ஆனால் சின்னது. முதலாளி ஒருவரே எல்லாமாக இருக்கும் தொழிலில், அவர் கை எட்டாததால் விழுந்துபோகும் வேலைகளை ஒருவர் பிடித்துத் தருவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. எந்தத் தொழிலில் அப்படி விழுகிறது, எதில் விழவில்லை என்று பார்த்துவிட்டால், உதவியாளர் வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தொலைதூர உதவியாளர் மென்பொருள் அல்ல, ஆள். தன் வீட்டிலிருந்து, போனும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் மூன்று நான்கு தொழில்களுக்கு மணிக்கணக்கில் வேலை செய்து கொடுப்பவர். போன் எடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் போடுவது, மெயில் பார்ப்பது, பில்களைப் பதிவது, பாக்கிக்கு ஞாபகப்படுத்துவது, தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இதில் வரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள சிறு முதலாளிகள் பிலிப்பைன்ஸ்காரர்களையும் நம்மவர்களையும் வைத்து இந்த வேலையை வெகுகாலமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இரவு முழுவதும் கண் விழித்து மெயில் பார்க்கும் பெண்ணின் வீடு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும், அதே தெருவில் கடை வைத்திருப்பவருக்கு மெயில் பார்க்க ஆள் இருக்காது. இது வேடிக்கையாக எனக்குப் படுகிறது.

மொழிதான் முதல் வேலை

லாட்ஜுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் தொலைதூர உதவியாளருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அய்டா ஸ்கடர் 1900-ல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம், திரிபுரா என்று கிழக்கு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்றால், இறங்குபவர்களில் பலர் கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் போர்டு வைத்த மெஸ்களைப் பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் அவர்கள் போடும் போனுக்குச் சரியான பதில் சொல்ல ஆள் குறைவு. நேரில் வந்தவரிடம் கை ஜாடையில் சமாளிக்கலாம். போனில் ஜாடை எடுபடாது.

இந்த உதவியாளர் வேலூரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிலிகுரியில் வீட்டில் இருக்கும் ஒரு பெண், நாளைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், வேலூர் லாட்ஜுக்கு வங்காள மொழியில் பதில் சொல்ல முடியும். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் ஆள் தேடலாம். அங்கே வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரியில் பி.காம். முடித்த பெண்கள் நிறைய. வேலூர் வரை பஸ்ஸில் போய்வர வீட்டில் சம்மதிக்காததால் சும்மா இருப்பவர்கள் உண்டு. உருது பேசுபவருக்கு இந்தி தனியாகப் படிக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து உருதில் 'நக்கோ' (வேண்டாம்), 'ஹவ்' (ஆமாம்) என்று வரும்போது கொல்கத்தாக்காரர் கொஞ்சம் சிரிப்பார், ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். முதலாளியோடு தமிழ், பார்ட்டியோடு இந்தி, ஆடிட்டரோடு ஆங்கிலம் என்று மூன்று வாய் உள்ள ஆள் இந்த வட்டாரத்தில் கிடைப்பதுபோல் தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களில் சுலபமாகக் கிடைக்காது.

பணக் கணக்கைப் பார்ப்போம். நாள் வாடகை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்கு வருபவர் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவதில்லை. டெஸ்ட், ரிசல்ட், மறுபடி டாக்டர் என்று பத்து நாள் ஆகும் என்றால் ஒரு குடும்பத்துக்கு 6,000 ரூபாய். உதவியாளருக்கு மாதம் 9,000 தருகிறீர்கள். நழுவியிருக்கும் இரண்டு குடும்பங்களை அவர் பிடித்துத் தந்தால் கையில் 3,000 நிற்கும். அதிலும் கரண்ட், சலவை, ரூம் பாய் செலவு போய்விடும். எனவே மூன்றாவது குடும்பத்திலிருந்துதான் உண்மையான லாபம். வருஷம் முழுவதும் அறை நிரம்பியே இருக்கும் லாட்ஜுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே உதவியாளர் வைத்தால் முதலாளி மதியம் ஒரு மணி நேரம் தூங்கலாம், அவ்வளவுதான். அதுவும் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

போன் மட்டும் இல்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள், 'பார்ம் சி' என்று பழகிப்போன படிவத்தில், அவர் விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரங்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யும் வேலை அது. தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் லாட்ஜ்காரர். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய பிறகு இந்திய விசா வழங்குவது வெகுவாகக் குறைந்தது, அங்கிருந்து வரும் நோயாளிகளும் குறைந்தார்கள். அந்த இடத்தை நிரப்ப உள்நாட்டுப் பார்ட்டிகளைத் தேட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, மொழி தெரிந்த ஆள் முன்னைவிட இப்போது அவசியம். கூகுள் மேப்பில் வரும் ரிவியூவுக்குப் பதில் எழுதுவதும் இவரே. அங்கே இன்னொரு காவல் வேலையும் உண்டு. மேப்பில் உள்ள போன் நம்பரை மாற்றும்படி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை நம் நம்பர்தான் அங்கே இருக்கிறதா என்று ஒருவர் பார்க்காவிட்டால், நம் லாட்ஜ் பெயரில் வேறு யாரோ அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருப்பார்.

ராணிப்பேட்டை சி.எம்.சி. வளாகம் வந்த பிறகு ஒரு கேள்வி கூடியிருக்கிறது: அப்பாயின்ட்மென்ட் எந்த வளாகத்தில்? டவுனில் அறை போட்டுவிட்டு, பார்க்க வேண்டிய டாக்டர் ராணிப்பேட்டையில் இருக்கிறார் என்று தெரிந்தால் நோயாளியோடு அலைய வேண்டியதுதான். சீட்டைப் பார்த்து முதலிலேயே இதைக் கேட்டுச் சொல்லும் உதவியாளரை அந்தக் குடும்பம் மறக்காது. அடுத்த செக்கப்புக்கும் அந்த நம்பருக்குத்தான் போன் வரும்.

பாக்கி கேட்கும் குரல்

தோல் தொழில் பக்கம் போனால் கதை வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் பெரிய ஷூ கம்பெனிகளுக்கும் தோல் பதனிடும் டேனரிகளுக்கும் தனி ஆபீஸ், தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். அவர்களைச் சுற்றி சோல் செய்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், லேபிள் அடிப்பவர், ஷூவின் மேல்பகுதியான 'அப்பர்' தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர் என்று சிறு யூனிட்டுகள் இருக்கின்றன. முதலாளி கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றால்தான் தோல் வீணாகாது. அவர் மெயில் பார்ப்பது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.

நேரடியாகச் சின்ன அளவில் ஏற்றுமதி செய்பவருக்கு நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும். நமக்கு மாலை ஆறு மணி ஆகும்போது இத்தாலியில் கோடைக்காலத்தில் பகல் இரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அங்கே வேலை சூடுபிடிக்கும்போது இங்கே ஷட்டர் இறங்குகிறது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை மெயிலுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, சாம்பிள் எந்த நிலையில் இருக்கிறது, கூரியர் நம்பர் என்ன, டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்பதற்கு அன்றே பதில் போட்டால், மறுநாள் வரை இழுக்காது. ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் 'குரோமியம்-6' என்ற நச்சு வகை, ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது என்ற விதி 2015 மே முதல் இருக்கிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் உரிய ரிப்போர்ட்டைப் பெயர், தேதியோடு அடுக்கி வைப்பது அலுப்பான வேலை. பையர் கேட்கும்போது பத்து நிமிஷத்தில் அனுப்புகிற யூனிட்டுக்கும், "டெஸ்ட் லேப்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்கிற யூனிட்டுக்கும் மரியாதை ஒன்றாக இருக்காது.

ஆனால் இந்த யூனிட்டுகளில் உதவியாளருக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது வசூல் வேலையைத்தான். பார்ட்டியும் முதலாளியும் ஒரே ஊர். கல்யாணத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டிருப்பார்கள், இரண்டு பேருக்கும் அப்பா காலத்துப் பழக்கம் இருக்கும். "அந்த நாலு லட்சம்..." என்று ஆரம்பிக்க வாய் வராது. மூன்று மாதம், நாலு மாதம் ஓடும். அதையே ஒரு மூன்றாம் குரல், "வணக்கம் சார், ஆபீஸிலிருந்து பேசறோம், இன்ன தேதி பில், இன்ன தொகை, காப்பி அனுப்பியிருக்கோம், எப்ப எதிர்பார்க்கலாம்னு கேக்கச் சொன்னாங்க" என்று சொன்னால் இரண்டு பக்கமும் முகம் முறியாது. பார்ட்டிக்கும் சௌகரியம், அவர் தன் கணக்குப்பிள்ளை மேல் போட்டுத் தேதி சொல்லிவிடுவார். கேட்ட தேதி, சொன்ன பதில் இரண்டையும் ஒரு ஷீட்டில் உதவியாளர் எழுதிக்கொண்டே வருவார். "நீங்க கேக்கவே இல்லையே" என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை.

சட்டமும் நம் பக்கம்தான், பயன்படுத்துவதுதான் இல்லை. 'உத்யம்' என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டி பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் இப்படிச் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது, செய்து விற்பவருக்குத்தான். நல்ல பார்ட்டியை இழக்க யாரும் விரும்பாததால் வட்டி கேட்டு வழக்குப் போடுபவர்கள் சிலர்தான். ஆனாலும் பில்லின் அடியில் உத்யம் நம்பரும், 30-ம் நாள் ஒரு ஞாபகக் கடிதமும் இருந்தால் பார்ட்டி கட்டும் வரிசையில் நம் பெயர் மேலே ஏறும். அந்த 30-ம் நாளை முதலாளி மறந்துவிடுவார், உதவியாளர் மறக்கக் கூடாது. அவருக்குக் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

ஆடிட்டருக்கும் கடைக்கும் நடுவே

ஜி.எஸ்.டி. வேலையை உதவியாளர் செய்வார் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ரிட்டர்ன் போடுவது ஆடிட்டர் ஆபீஸ் வேலை, அங்கேயே இருக்கட்டும். நடுவில் உள்ள வேலைதான் கிடந்து நாறுகிறது. பில்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பதினெட்டாம் தேதி பையனிடம் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். மாதாந்திர ரிட்டர்ன் போடுபவருக்கு விற்பனை விவரம் 11-ம் தேதிக்குள், வரி கட்டும் ரிட்டர்னான 3பி 20-ம் தேதிக்குள். வருஷ விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் தமிழ்நாட்டில் அது 13, 22 ஆகும். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய். தொகை சின்னதுதான். கழுத்தைப் பிடிப்பது உள்ளீட்டு வரி.

நாம் சரக்கு வாங்கிய வியாபாரி தன் ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டாவிட்டால், நாம் கட்டிய வரி நமக்குக் கிரெடிட்டாக வராது. ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி 2பி என்ற பட்டியல் வந்துவிடும். கையில் உள்ள கொள்முதல் பில்களையும் அந்தப் பட்டியலையும் வரிசையாக ஒத்துப் பார்த்து, விடுபட்டவர்களுக்கு அன்றே போன் போட வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் பையன் நூறு கடைக்கு வேலை பார்க்கிறான், உங்களுக்காகச் சென்னை சவுகார்பேட்டை வியாபாரிக்குப் போன் போட மாட்டான். உதவியாளர் போடுவார். மாதத்துக்கு நான்கைந்து மணி நேர வேலை. இந்த ஒன்றுக்காக மட்டுமே உதவியாளரை வைத்துக்கொண்டு, அவர் சம்பளத்தைத் திரும்ப எடுத்துவிடக்கூடிய ஹார்டுவேர் கடைகள் வேலூர் லாங் பஜாரில் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆரணிப் பட்டுக்காரர்களையும் சொல்ல வேண்டும். 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது, ஆனாலும் வியாபாரப் போக்குவரத்து இந்தப் பக்கமும் உண்டு. சேலைப் படம் எடுப்பதும், "இது மாம்பழ மஞ்சளா, மஞ்சள் கிழங்கு மஞ்சளா" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் சேலையைக் கையில் வைத்திருப்பவரால்தான் முடியும். அதைத் தூரத்திலிருப்பவரிடம் கொடுத்தால் திரும்பி வரும் பார்சல்தான் கூடும். விலை பேசி முடிந்த பிறகு விலாசம் வாங்குவது, கூரியர் நம்பர் அனுப்புவது, "வந்ததா அக்கா?" என்று கேட்பது, பண்டிகைக்கு முன் பழைய பட்டியலுக்குச் செய்தி போடுவது இவை உதவியாளருக்கு.

எங்கே வேண்டாம்

நேதாஜி மார்க்கெட் காய்கறி மண்டிக்கு இந்த ஆள் எதற்கு? விடியற்காலையில் லோடு இறங்கி, கண்ணெதிரே விலை பேசி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் வியாபாரம் அது. ஆம்பூர் பிரியாணிக் கடைக்கும் அப்படித்தான். அண்டா காலியானதும் டெலிவரி ஆப்பில் பிரியாணியை நிறுத்துவது அண்டாவைப் பார்க்கிற ஆள் செய்ய வேண்டிய வேலை, பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் செய்தால் காலியான அண்டாவுக்கு ஆர்டர் வரும். வாடிக்கையாளர் எல்லோரும் தெருக்காரர்கள், கடன் நோட்டு முதலாளி தலைக்குள் இருக்கிறது என்றால், அந்தத் தொழிலுக்கு உதவியாளர் வெறும் செலவு.

இன்னொரு வகை வீண்செலவு, "இன்ஸ்டாகிராமில் தினமும் ஒரு போஸ்ட்" என்பதற்காக ஆள் வைப்பது. உதவியாளர் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. வந்த போனையே எடுக்க ஆளில்லாத கடை, புதிதாகப் போன் வரவைக்கச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் செய்தி, அடிக்கடி கேட்கும் கேள்விக்குத் தயார் பதில், பொருள் பட்டியல் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றைப் போட்டுவிட்டு, அதற்கு மேலும் விழுகிற வேலைக்கு ஆள் தேடுவதுதான் முறை.

வேலையை எழுதுவது, சாவியைக் கொடுக்காமலிருப்பது

ஆள் வைத்த பலர் இரண்டாம் மாதமே "சரிப்படல" என்று நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் இல்லை. முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பார்ட்டிக்கு எத்தனை நாள் தவணை, யாருக்கு மட்டும் வாடகையில் சலுகை, யார் போன் வந்தால் உடனே தன்னிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்திலேயே நிற்கும் பையன் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வான். தூரத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. எழுத உட்காரச் சொன்னால் எந்த முதலாளியும் உட்கார மாட்டார், தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வேலை செய்துகொண்டே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுங்கள். "இந்த மாதிரி கேட்டா இப்படிச் சொல்லணும்மா" என்று பேசிக்கொண்டே போங்கள். அதைக் கேட்டு ஒரு ஷீட்டில் எழுதி உங்களுக்கே திருப்பி அனுப்புவதுதான் உதவியாளரின் முதல் வாரத்து வேலை. அவர் எழுதியதைப் படித்தாலே ஆள் தேறுவாரா என்று தெரிந்துவிடும். ஒரு பெரிய பயன், அந்த ஆள் நின்றுவிட்டாலும் ஷீட் உங்களிடம் இருக்கும்.

அடுத்தது சாவி. கடைக்கென்று தனி சிம், தனி வாட்ஸ்அப் நம்பர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் கணக்கை நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், உதவியாளரின் கம்ப்யூட்டரை அப்படி இணைத்துக்கொள்ளலாம். சொந்த நம்பரைத்தான் கடைக்கும் வைத்திருக்கிறீர்கள் என்றால், மாமியார் வீட்டுச் சண்டை முதல் பேங்க் செய்தி வரை எல்லாம் அவர் திரையில் ஓடும். எடுக்காத போனை அவர் நம்பருக்குத் திருப்பிவிடும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. பேங்க்கோடு இணைத்த நம்பரை மட்டும் ஒருபோதும் அப்படித் திருப்பாதீர்கள், ஓ.டி.பி. குரல் அழைப்பாக வந்தால் அதுவும் அங்கே போகும். போனில் யாரோ சொன்னார் என்று ஸ்டார் போட்டு ஒரு 'கோட்' நம்பரை அழுத்தித் திருப்புவதும் கூடாது, அது மோசடிக்காரர்களின் பழைய வழி. போன் செட்டிங்கில் போய் நீங்களே செய்யுங்கள்.

கூகுள் கணக்குப் பாஸ்வேர்டைத் தராமலே கடைப் பக்கத்துக்கு ஒருவரை மேனேஜராகச் சேர்க்க முடியும். சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் தளத்தில் அவருக்கென்று துணைப் பயனர் கணக்கு உருவாக்கி, எந்த வேலைக்கு மட்டும் அனுமதி என்று வரையறுக்கலாம். டாலி கணக்கு மென்பொருளிலும் அப்படியே. பேங்க் லாகின், யு.பி.ஐ. பின், ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. மூன்றும் முதலாளி கையை விட்டுப் போகக் கூடாது, ஆள் சொந்தத் தங்கை மகளாகவே இருந்தாலும் சரி. அட்வான்ஸ் கடையின் யு.பி.ஐ.க்கு நேராக வரட்டும். வந்ததா என்று உதவியாளர் உங்களிடம் கேட்டுத்தான் அறையை உறுதி செய்ய வேண்டும்.

லாட்ஜ்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அறை கேட்பவர்கள் ஆதார், பாஸ்போர்ட் மட்டுமின்றி டாக்டர் சீட்டையும் ரிப்போர்ட்டையும்கூட அனுப்பிவிடுகிறார்கள். அது இன்னொருவர் போனில் கிடக்கும்போது பொறுப்பு உங்களுடையது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. படத்தைத் தன் போனில் சேமிக்கக் கூடாது, பதிவு முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி, எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆள் தேடும் விதம்

வேலூர் அக்சீலியம், டி.கே.எம்., வாணியம்பாடி இஸ்லாமியா மகளிர் கல்லூரி போன்ற இடங்களில் வணிகவியல் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கும் பெண்கள்தான் இந்த வேலைக்கு முதல் தேர்வு என்பேன். இணையத்தில் ஆள் தேடும் தளங்களிலும் கிடைப்பார்கள், ஆனால் ஊர் நடப்புத் தெரியாதவருக்குக் காட்பாடி எங்கே, பாகாயம் எங்கே என்பதிலிருந்து சொல்லித் தர வேண்டும். பேட்டியில் கேள்வி கேட்டு ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்துக்கு நிஜ வேலை கொடுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள். சென்ற மாத பில்கள் முப்பதைப் பதிந்து தரச் சொல்லுங்கள், பழைய பார்ட்டி மூன்று பேருக்குப் போன் போடச் சொல்லிப் பக்கத்திலிருந்து கேளுங்கள்.

மணிக்கு இவ்வளவு என்று பேசுவதா, மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுவதா என்பது வேலையைப் பொறுத்தது. போன் எடுக்கும் வேலைக்கு மாதச் சம்பளம்தான் பொருந்தும், ஏனென்றால் போன் வராத நேரத்திலும் அவர் காத்திருக்கிறார். பில் பதிவதற்கும் 2பி ஒத்துப் பார்ப்பதற்கும் மணிக்கணக்கு போதும். தனியாக வேலை செய்பவரின் வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை, உங்கள் செலவில் 18 சதவீதம் கூடாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை உங்களுக்கு மட்டும்தான் வேலை, லீவு உங்களைக் கேட்டுத்தான் என்று வைத்துவிட்டு, தாளில் மட்டும் 'ஒப்பந்த உதவியாளர்' என்று எழுதிக்கொள்வது செல்லாது. அப்படிப்பட்டவர் ஊழியர்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள யூனிட் என்றால் இ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு) பற்றியும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். கடைக்கு வருகிற பையன் கல்லா முன்னால் நின்று கேட்டுவிடுவான், வீட்டில் இருக்கிற பெண் இரண்டு மாதம் கேட்காமல் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார். ஆள் நிற்கும் நாளில் செய்ய வேண்டியவற்றையும் சேரும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது: வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனத்தை நீக்குவது, கூகுள் பக்கத்திலிருந்து பெயரை எடுப்பது, போன் திருப்பிவிட்டதை நிறுத்துவது, துணைப் பயனர் கணக்கை முடக்குவது. எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலைதான், ஆனால் அதை அவர் போன அன்று சாயங்காலமே செய்துவிட வேண்டும்.